டொபி, போத்தல் மூடி, வியர்வை: பந்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

சனி, ஞாயிறுகளில் நடக்கும் கழகக் கிரிக்கெட் போட்டிகளில் நடுவராக நிற்பது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதில் பந்தைச் சுரண்டுகிறவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை, அதனால் இந்த மாதம் முழுக்கப் பந்துதான்.

எங்கள் அணித்தலைவர் களத்தடுப்புக்கு இறங்கும்போது எல்லோருக்கும் டொபி தருவார். அதை வாயில் போட்டுக்கொண்டு எச்சிலால் பந்தைத் தேய்க்க வேண்டும். "எல்லா அணியும் செய்வதுதான்" என்கிறார். எனக்கு 19 வயது, புதுப்பந்து வீசுகிறேன். இது பிழையா?
*வேகப்பந்து வீச்சாளர், வெள்ளவத்தை*

பிழைதான் தம்பி, அதுவும் இரண்டு விதத்தில். டொபி கரைந்த எச்சிலில் சீனி இருக்கிறது, அது தோலில் பிசுபிசுவென்று ஒட்டி, தேய்க்கத் தேய்க்க மேலே ஒரு பூச்சுப்போலப் படியும். விதிகளில் 41.3 என்று ஒன்று இருக்கிறது, பந்தின் நிலையை மாற்றுவது பற்றியது. பந்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், ஆனால் வெளிப்பொருள் எதையும் பாவிக்கக்கூடாது, நேரத்தையும் வீணாக்கக்கூடாது என்று அது சொல்கிறது. சீனி வெளிப்பொருள். அடுத்தது, டொபியே இல்லாத வெறும் எச்சில்கூட இப்போது கூடாது. கொரோனா காலத்தில், 2020 ஜூனில் ஐசிசி எச்சிலைத் தற்காலிகமாகத் தடை செய்தது, 2022 அக்டோபர் 1இல் இருந்து, கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்சிசி கழகத்தின் விதியிலேயே அது ஏறிவிட்டது. 2025இல் ஐபிஎல் தன் போட்டிகளுக்கு மட்டும் எச்சிலைத் திரும்ப அனுமதித்தது, அதைப் பார்த்துவிட்டு நாங்களும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம்.

"எல்லோரும் செய்வதுதான்" என்ற பேச்சு பெரிய இடத்திலேயே எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும். 2018 ஜூனில் சென் லூசியாவில் மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த டெஸ்டில், அப்போதைய நம் இலங்கை அணித்தலைவர் தினேஷ் சந்திமால் வாயில் எதையோ போட்டுக்கொண்டு பந்தில் எச்சில் தடவியது கமராவில் விழுந்தது. நடுவர்கள் பந்தை மாற்றி 5 ஓட்டங்களை எதிரணிக்குக் கொடுத்தார்கள். நம் அணி மைதானத்துக்குள் வர மறுத்ததில் ஆட்டம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் தாமதமானது. கடைசியில் சந்திமாலுக்கு ஒரு டெஸ்ட் தடை. 2016இல் ஹோபார்ட்டில் தென்னாபிரிக்கத் தலைவர் ஃபாஃப் டு பிளெஸி வாயில் மின்ட் வைத்துக்கொண்டு பந்தைத் தேய்த்ததும் இதே கதைதான், அவருக்கும் அபராதம் விழுந்தது.

உங்கள் தலைவர் தருகிற டொபியை வேண்டாம் என்று சொல்லுங்கள். வயதில் மூத்தவரிடம் அதைச் சொல்வது கஷ்டம் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் புதுப்பந்து உங்கள் கையில்தான் இருக்கிறது, விக்கெட் விழுந்தால் உங்கள் பெயரில்தான் எழுதுவார்கள். அந்த விக்கெட் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

எச்சிலும் இல்லை, டொபியும் இல்லை என்றால் சாதாரணக் கழக வீரன் பந்தை எப்படி ஸ்விங் செய்வது? ரிவர்ஸ் ஸ்விங் வேண்டும் என்றால் ஒரு பக்கத்தைச் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்களே?
*மூன்று நண்பர்கள், பம்பலப்பிட்டி*

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதலில் பந்து ஏன் வளைகிறது என்று பார்ப்போம். போகிற பந்தைச் சுற்றிக் காற்று மெல்லிய தோல்போல ஒட்டிக்கொண்டு போகும். பளபளப்பான பக்கத்தில் அந்தக் காற்று அமைதியாக வழுக்கிக்கொண்டு வந்து சீக்கிரமே பந்தை விட்டுப் பிரிந்துவிடும். தையல் சாய்ந்திருக்கிற பக்கத்தில் தையல் தட்டி, காற்று குழம்பிவிடும். குழம்பிய காற்று இன்னும் கொஞ்ச நேரம் பந்தோடு ஒட்டிக்கொண்டு பின்பக்கம் வரை போய்த்தான் பிரியும். அந்தப் பக்கத்தில் அழுத்தம் குறையும், பந்து அங்கே இழுபடும். அதாவது தையல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் வளையும். வழமையான ஸ்விங் இவ்வளவுதான், இதற்குத் தேவையானது நிமிர்ந்த தையலும், சாயாத மணிக்கட்டும், ஒரு பக்கப் பளபளப்பும் மட்டுமே.

ரிவர்ஸ் வேறு விடயம். வேகம் நன்றாகக் கூடும்போது தையலை அடைவதற்கு முன்பே இரண்டு பக்கக் காற்றும் குழம்பிவிடும், பிறகு தையல் அந்தக் குழம்பிய காற்றைத் தடிப்பாக்கிச் சீக்கிரமே பிரித்துவிட, பந்து எதிர்ப்பக்கம் போகும். நாசாவில் வேலை செய்த ரபீந்திர மேத்தா என்ற விஞ்ஞானி இதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பல வருடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். புதுப்பந்து ரிவர்ஸ் ஆக மணிக்கு 140 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் வேண்டும், பந்து தேயத் தேய அது குறைந்த வேகத்திலும் நடக்கும். சனிக்கிழமை ஆடுகிற நம் ஆட்களில் பெரும்பாலானோர் 110ஐ ஒட்டித்தான் வீசுகிறார்கள். வழமையான ஸ்விங்குக்கு அதுவே நல்ல வேகம்! கைக்குள் இருப்பதை விட்டுவிட்டு, கைக்கு எட்டாததற்காகப் பந்தைச் சுரண்டுகிறோம்.

அப்புறம், நம் மைதானங்களில் சுரண்டவே தேவையில்லை. கொன்கிரீட்டின் மேல் மெட்டிங் பாய் விரித்து ஆடுகிற இடத்தில் ஒரு பத்துப் பதினைந்து ஓவரிலேயே பந்தின் தோல் தானாகக் கிழிந்து வந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது மற்றப் பக்கத்தைக் காப்பாற்றுவது. முதல் ஓவரிலேயே எந்தப் பக்கம் பளபளப்பு என்று முடிவெடுத்து அதை எல்லோருக்கும் சொல்லுங்கள், பாதி ஆட்டத்தில் ஒருவர் மாற்றித் தேய்த்தால் எல்லாம் போய்விடும். வியர்வை சட்டப்படி சரி, நெற்றியிலிருந்தோ கழுத்திலிருந்தோ ஒரு துளி எடுத்து பளபளப்பான பக்கத்தில் மட்டும் தடவி, காற்சட்டையில் நன்றாகத் தேய்க்கலாம். சொரசொரப்பான பக்கம் காய்ந்தே இருக்க வேண்டும், கை வியர்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது. இங்கிலாந்து அணி அலஸ்டயர் குக்கிடம் பந்தைத் தேய்க்கக் கொடுத்ததற்குக் காரணமே அவருக்கு அவ்வளவாக வியர்க்காது என்பதுதான். கொழும்புப் புழுக்கத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம், ஆனாலும் பதினொரு பேரில் யாருடைய உள்ளங்கை காய்ந்திருக்கிறது என்று ஒருநாள் கைகொடுத்துப் பாருங்கள். அவர் பந்துவீச்சாளருக்குக் கிட்ட, மிட் ஓஃப்பில் நிற்கட்டும், விக்கெட் காப்பாளரிடமிருந்து பந்து அவர் வழியாகத்தான் பந்துவீச்சாளருக்குப் போக வேண்டும். மழை விட்ட பின்னேரங்களில் புல் ஈரமாக இருந்தால் துணியால் துடைக்கலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. சேறு ஒட்டினால் நடுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும்.

கடல் காற்றில் பந்து அதிகம் வளையும் என்று காலிமுகத்திடல் பக்கம் வளர்ந்த எல்லோரும் சொல்வோம். ஈரப்பதம் கூடினால் வளைவு கூடும் என்பதைப் பரிசோதனைகள் இதுவரை காட்டவில்லை.

என் மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளைக் காற்சட்டையின் தொடைப்பக்கம் சிவப்புக் கறையோடு வருகிறான். பந்தில் ஏதோ களவு செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா?
*ஒரு தாய், கொட்டாஞ்சேனை*

இல்லை அம்மா. அது பந்தின் சிவப்புச் சாயமும் மெழுகும், தேய்க்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கறை வந்தால் பிள்ளை அணிக்காக உழைத்திருக்கிறான் என்று அர்த்தம், நிம்மதியாக இருங்கள். கறையில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால், நனைக்கும் முன்பே பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்துச் சற்று நேரம் விட்டு, பிறகு கழுவி வெயிலில் காயப்போடுங்கள். முழுக்கப் போகாது. என் அம்மாவும் போக்கிப் பார்த்தார்.

சன்ஸ்க்ரீன், லிப் பாம், வலிக்குப் பூசுகிற பாம் இதெல்லாம் குற்றமா? வெயிலில் பூசாமல் எப்படி நிற்பது?
*வாசகர், தெஹிவளை*

உடம்பில் பூசுங்கள், தாராளமாக. பந்தில் போகக்கூடாது, அவ்வளவுதான். முகத்தில் சன்ஸ்க்ரீன் பூசியவர் அதே முகத்து வியர்வையை எடுத்துப் பந்தில் தடவினால் அது வியர்வை மட்டும் இல்லை, அவருக்கே அது தெரியும். விரலில் பாம் பூச வேண்டி வந்தால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் பூசுங்கள். 2023 பெப்ரவரியில் நாக்பூர் டெஸ்டில் இந்தியாவின் ரவீந்திர ஜடேஜா வீங்கிய விரலுக்கு நடுவரைக் கேட்காமல் கிறீம் பூசினார். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் போட்டிச் சம்பளத்தில் 25 வீதம் அபராதம். கேட்டிருந்தால் ஒன்றுமே இல்லை.

மென்பந்துப் போட்டியில் டெனிஸ் பந்தின் ஒரு பாதிக்கு மட்டும் டேப் ஒட்டுகிறோம். இதுவும் மோசடியா?
*ஒழுங்கை அணி, மட்டக்குளி*

இரண்டு அணியும் ஒத்துக்கொண்டு அதே பந்தில் ஆடினால் மோசடி இல்லை, ஆட்டமே அப்படித்தான். நடுவில் யாரும் பார்க்காதபோது டேப்பை உரிப்பதுதான் பிழை.

நட்புப் போட்டிகளில் துடுப்பாடும் அணியிலிருந்துதான் நடுவர் நிற்பார். போன வாரம் நான் நின்றேன். எதிரணி ஆள் ஒருவர் காற்சட்டைப் பையில் போத்தல் மூடி வைத்திருந்ததைக் கண்டேன். சொன்னால் கட்சி பிடிக்கிறேன் என்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?
*பெயர் வேண்டாம், கொழும்பு 6*

போத்தல் மூடி பழைய ஆயுதம். 1981இல் இங்கிலாந்தில் ஒரு கவுண்டிப் போட்டியில் அதைப் பாவித்ததைப் பாகிஸ்தானின் இம்ரான் கானே பின்னாளில் ஒத்துக்கொண்டார். 2000 ஜூலையில், நம் கொழும்பில் நடந்த ஒருநாள் போட்டியில்தான் பாகிஸ்தானின் வக்கார் யூனிஸ் பிடிபட்டு, பந்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்காகத் தடை பெற்ற முதல் சர்வதேச வீரரானார். 2018இல் கேப் டவுனில் சேண்ட் பேப்பரோடு அகப்பட்டதற்கு அவுஸ்திரேலியாவின் ஸ்மித்துக்கும் வோர்னருக்கும் 12 மாதத் தடை, பான்கிராஃப்டுக்கு 9 மாதம். பின்னைய இரண்டிலும் கமரா பிடித்தது. நம் மைதானத்தில் கமரா கிடையாது, பார்த்தது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்கள் கடிதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நானும் பேசாமல் இருந்தவன். இருபத்து மூன்று வயதில் மிட் ஓஃப்பில் நின்றபோது எங்கள் அணியின் மூத்த பந்துவீச்சாளர் நகத்தால் குறுக்குத் தையலைக் கிளப்புவதைப் பார்த்தேன். இரண்டு பந்து கழித்து எதிரணியில் இருந்த என் பள்ளித் தோழன் ஸ்லிப்பில் பிடிபட்டான். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படியடா அந்தப் பந்து அப்படித் திரும்பியது?" என்று கேட்டான். காற்று என்றேன். அவன் அதை நம்பி, அடுத்த வாரம் முழுக்கத் தன் கால் நகர்வைத் திருத்திக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் எடுத்தது.

சரி, செய்ய வேண்டியது இது. தனியாகக் குற்றம் சாட்டாதீர்கள். விதியும் இரண்டு நடுவர்களும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஓவர் முடிந்ததும் பந்தைக் கையில் வாங்கி மற்ற நடுவரிடம் காட்டுங்கள். மெட்டிங்கில் தேய்ந்தது பரவலாக இருக்கும், மூடியால் சுரண்டியது ஒரே இடத்தில் கோடு கோடாகக் கிடக்கும், கொஞ்சம் பழகினால் விரல் நுனிக்கே தெரியும். இருவரும் ஒத்துக்கொண்டால் களத்தடுப்புத் தலைவரைக் கூப்பிட்டுப் பந்தைக் காட்டிச் சொல்லுங்கள், துடுப்பாடும் அணித்தலைவர் கேட்டால் பந்தை மாற்றுங்கள், எப்படியும் துடுப்பாடும் அணிக்கு 5 ஓட்டம். மாற்றுப் பந்து பழைய பந்து எவ்வளவு தேய்ந்திருந்ததோ அவ்வளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். அதே போட்டியில் அந்த அணி மறுபடியும் செய்தால், கடைசிப் பந்தை வீசியவரை நிறுத்த வேண்டும். சண்டை வராமல் இருக்க, முதல் ஓவரிலிருந்தே இரண்டு அணியின் பந்தையும் அடிக்கடி, நினைத்த நேரத்தில் வாங்கிப் பாருங்கள். அப்படிப் பார்க்கச் சொல்லி விதியிலேயே இருக்கிறது, பிறகு ஒருநாள் நீங்கள் நிறுத்திப் பார்க்கும்போது யாருக்கும் அது புதிதாக இருக்காது.

வருகிற சனிக்கிழமை நிற்கப் போகிறீர்கள் என்றால் பையில் இரண்டு பழைய பந்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று பத்து ஓவர் ஆடியது, மற்றது இருபத்தைந்து ஓவர் ஆடியது. மாற்றப் பந்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காகவே எத்தனையோ நடுவர்கள் கண்டதைக் காணாததுபோல் விட்டிருக்கிறார்கள்.