நல்ல ஆசிரியரும் வழிகாட்டியும் கிடைத்தால் தலைமைப் பண்பும் பிறருக்கு உதவும் குணமும் தானாக வந்துவிடுமா?

தானாக வராது. நல்ல ஆசிரியர் கிடைத்தும் தன் வேலை, தன் வீடு என்று இருந்துவிட்டவர்கள் எங்கள் ஊரிலேயே நிறைய உண்டு. அதைத் தப்பென்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியின் விளக்கத்தில், தலைமைப் பண்பு, தான் யார் என்ற தெளிவு, சேவை மனப்பான்மை இவற்றைப் பள்ளிக்கூடத்தால் வளர்க்க முடியுமா, சொந்த அனுபவத்திலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு கடலோர ஊர் எனக்கு. அப்பாவுக்கு நாட்டுப்படகில் தொழில். அம்மா கடலில் பாசி எடுக்கப் போவார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். எங்கள் பக்கம் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "படிச்சாவது இந்தக் கடலை விட்டுப் போயிரு." சொல்கிறவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். புயலையும், எல்லை தாண்டினாய் என்று பிடித்துப் போவதையும், வெறும் வலையோடு திரும்புகிற நாட்களையும் பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் இதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு முதலில் மனசில் பதிவது, நம் வீடும் ஊரும் விட்டு ஓட வேண்டிய இடம் என்பதுதான். ஓடிப்போனவரிடம் போய் ஊருக்குத் தலைமை தாங்கு, சேவை செய் என்றால் எங்கிருந்து வரும்?

எனக்கு இந்த எண்ணத்தை உடைத்தவர் எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர். ராமநாதபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் பெண்கள் கையில் காகிதத்தோடு அவரைத் தேடி வருவார்கள். மீனவர் சேமிப்பு நிவாரணம், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பேங்க் செலான் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆரம்பத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ எழுது புள்ள, நான் பாத்து மட்டும் தர்றேன்" என்று பேனாவைக் கொடுத்துவிட்டார்.

விண்ணப்பம் எழுதுவது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ரேஷன் கார்டில் முனியம்மாள், பேங்க் புத்தகத்தில் முனியம்மா. அந்த ஓர் எழுத்துக்காகப் பணம் நின்றுபோன வீடுகள் உண்டு. சேமிப்பு நிவாரணத்தில் இப்போது மீனவர் கட்டுவது 1,500 ரூபாய், அரசு 3,000 சேர்த்து, தொழில் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திரும்பி வருகிறது. நான் எழுதிய காலத்தில் தொகை இதைவிடக் குறைவு. ஆனால் அது வராவிட்டால் அந்த வீட்டில் அடுப்புக்கு என்ன பாடு என்பது எனக்கும் தெரியும், என்னிடம் எழுத வந்தவருக்கும் தெரியும். பதின்மூன்று வயதில் என் கையெழுத்தை நம்பி இன்னொரு வீட்டின் அரிசி இருந்தது. பரீட்சையில் தப்பு விட்டால் எனக்கு மார்க் போகும், இதில் தப்பு விட்டால் வேறொருவருக்குச் சோறு போகும். கவனம் என்றால் என்னவென்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தார். ஒரு பெரியம்மாவின் மனு ஓர் அலுவலகத்தில் கிடந்தது. டீச்சர் ஒரு போன் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். போடவில்லை. என்னையும் பெரியம்மாவையும் அனுப்பினார். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்றார், வந்துவிட்டோம். டீச்சர் கோபப்படவில்லை. "எதுக்கு நாளைக்குன்னு கேட்டியா? என்ன காகிதம் குறையுதுன்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் போய்க் கேட்டேன். கேட்ட பிறகுதான் ஒரு நகல் இணைக்காதது தெரிந்தது. தலைமைப் பண்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

என் கருத்து இதுதான்: நாம் சொதப்பினால் பிறர் பாதிக்கப்படுகிற மாதிரி ஒரு நிஜமான வேலையைக் கையில் கொடுத்து, தானே செய்துவிடாமல் பக்கத்தில் நிற்கிறவர்தான் வழிகாட்டி. கடலில் இது எப்போதும் நடக்கிறது. படகில் புதிதாக ஏறுகிற பையனுக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. தண்ணீர் இறைப்பான், மீன் பிரிப்பான், வலை இழுப்பான், காற்றுப் பார்க்கப் பழகுவான், சில வருடத்தில் சுக்கான் அவன் கைக்கு வரும். பள்ளிக்கூடத்தில்தான் பன்னிரண்டு வருடம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் ஒருநாள் தலைமைப் பண்பு முகாம் நடத்துகிறோம். அந்த முகாம்கள் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். வெளியூரிலிருந்து காரில் வருவார்கள், ஒரு விளையாட்டு, ஒரு கைத்தட்டல், குரூப் போட்டோ, சான்றிதழ். சாயங்காலம் கார் போய்விடும். சான்றிதழ் நல்ல காகிதம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அடையாளம். மேல்நிலைப் படிப்புக்கு டவுனுக்குப் போனபோது, மீன் வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துகிற பிள்ளைகள் இருந்தார்கள். அதற்கு எனக்குக் கைகொடுத்தது எட்டாம் வகுப்பில் நடந்த ஒரு புவியியல் பாடம். பருவக்காற்றைப் பற்றிப் புத்தகத்தில் நாலு வரி இருக்கும். அன்று அந்தப் பாடம் எடுக்க ஆள் இல்லாததால் கணக்கு டீச்சரே வந்தார். வாடைக்காலத்தில் உங்க அப்பா எந்தப் பக்கம் தொழிலுக்குப் போவார் என்று கேட்டார். வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றில், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்தால் அப்படியே மாறும், படகுகளும் அதற்கேற்பப் பக்கம் மாறும் என்று சொன்னேன். வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில் பிறந்தவர்களுக்கு இது சாதாரணம். அவர் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு வரையச் சொல்லி, மற்றவர்களை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது வகுப்பில் பாடமானது அன்றுதான். டவுனில் மூக்கைப் பொத்தினவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை, அதற்கான தேவையும் வரவில்லை.

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதிவிட்டு அப்துல் கலாமைச் சொல்லாமல் விட முடியாது. 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். இன்று அவருடைய பேய்க்கரும்பு நினைவிடத்துக்குப் பள்ளிக்கூடப் பஸ்கள் வரிசையாக வருகின்றன. எல்லோரும் பிள்ளைகளிடம் "கனவு காணுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு அதைவிட, அந்தப் பையனைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதில்தான் ஆர்வம். உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காதபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தவர் உறவினர் சம்சுதீன். உலகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கூட நடந்தவர் நண்பர் ஜலாலுதீன். பறவை எப்படிப் பறக்கிறது என்று கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டியவர் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பி போட்ட முஸ்லிம் பையன் பூணூல் போட்ட பையனின் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பியபோது, அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தவர் கோயில் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரி. சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தபோது ஐயரின் மனைவி பரிமாற மறுத்தார். ஐயர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்த முறை மனைவியே பரிமாறினார். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் ஆசிரியர் அய்யாத்துரை சாலமன் இருந்தார். சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா சொஹ்ரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

இவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவிலேயே வாழ்ந்த சாதாரண மனிதர்கள். ஒரே ஒரு மகா குரு வந்து எல்லாவற்றையும் செய்ததாக இதில் எங்கும் இல்லை. ஒருவர் வேலை கொடுத்தார், ஒருவர் கேள்விக்குப் பதில் சொன்னார், ஒருவர் அவமானத்தின் குறுக்கே நின்றார், ஒருவர் நகையைக் கழற்றினார். உங்களுக்கு வழிகாட்டி கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவராக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் தேடுகிறீர்களா என்று பாருங்கள்.

படிப்பு இருந்தால்தான் தலைமை வரும் என்றும் நான் நினைக்கவில்லை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, பரம்பரையாகத் தீவோரம் பாசி எடுத்த பெண்களுக்கு நெருக்கடி வந்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிற வேலை அது. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, இத்தனை நாள்தான் எடுப்போம், இரும்புக் கருவி வைத்துச் சுரண்ட மாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, அதிகாரிகளோடு பேசினார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லெட்சுமிக்கு 2015-இல் தீவுகளைப் பாதுகாக்க உழைக்கிற அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. எங்கள் அம்மாவெல்லாம் அந்தச் செய்தியைக் கேட்டு, "நம்ம பாசிக்கா அவார்டு?" என்று நம்பாமல் சிரித்தார்கள். சிரித்தாலும் அன்றைக்கு அவர்கள் நடை கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

இப்போது நான் ராமநாதபுரத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். சாயங்காலங்களில் ஊரில் பிள்ளைகளுக்கு வகுப்பு. இந்தப் பழக்கம் சூடு பிடித்தது கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது. தன்னார்வலர்கள் சாயங்காலம் ஊரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற திட்டம் அது. அவர்களுக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய்தான். எங்கள் ஊரில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்துக் கல்யாணம் ஆகி வீட்டில் இருந்த பெண்கள். பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்பதைவிட இந்த அக்காக்கள் எவ்வளவு மாறினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையில் தலை குனிந்து நின்றவர்கள், இன்று "எந்திரிச்சு நின்னு பேசுங்க மாமா, பின்னாடி கேக்கல" என்று படகு முதலாளியான சம்மாட்டியையே அதட்டுகிறார்கள். சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

என் வகுப்பிலும் அதே வழிதான். குடிதண்ணீர் எங்கள் கரையில் எப்போதும் தலைவலி. குழாயில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தோம், காசு கொடுத்து எவ்வளவு வாங்கினோம் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிள்ளை நோட்டில் எழுத வேண்டும். அந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிராம சபையில் படித்தாள். தண்ணீர் உடனே பாய்ந்துவிடவில்லை. ஆனால் "பொதுவா நல்லாத்தான் வருது" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மைக் பயம் போக வேண்டும் என்றால் பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை 90.4 வானொலியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். நம் பேச்சு வழக்கிலேயே காற்று எச்சரிக்கை சொல்கிறார்கள், அதை நம்பி ஆள் கடலுக்குப் போகிறான் என்று சொன்னாலே பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிடும்.

பையன்கள் விஷயத்தில் நான் இன்னும் தடுமாறுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்தவன் படகேறினால் அன்றைக்கே பங்கு கையில். கல்லூரி போனால் மூன்று வருடம் கையில் ஒன்றும் இல்லை. பெண்களுக்குப் புதுமைப் பெண், 2024-இலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருவது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். வீட்டுக் கடனுக்கு ஆகாது. அப்பாவுக்கு உடம்பு முடியாத வீட்டில் போய் வழிகாட்டுதல் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அங்கே முதலில் தேவை பணம்.

நீங்களும் கடற்கரை ஊர்க்காரர் என்றால், தொடங்க நல்ல சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்கு 61 நாள் ஓய்வு, பள்ளிக்கும் பெரும்பாலும் லீவு, அப்பாக்கள் கரையில் வலை கட்டிக்கொண்டு இருப்பார்கள். வலைக் கொட்டகையிலேயே பாய் விரித்து உட்காருங்கள். முதல் வாரம் பாடம் வேண்டாம். அந்த வருடத் தடைக்கால நிவாரணம் யார் யார் வீட்டுக்கு வரவில்லை என்று பிள்ளைகளை விட்டுப் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள், பெயரும் கணக்கு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அவர்களே சரிபார்க்கட்டும். அவர்கள் எழுதின மனுவை நீங்கள் திருத்தலாம். அலுவலகத்துக்கு மட்டும் நீங்கள் போகாதீர்கள்.