சுத்தம் பண்ணி வெச்ச மெஷின்லயே கிருமி

கேள்வி: ஒரே வார்டுல நாலஞ்சு பேருக்கு ஆன்டிபயாடிக் கேக்காத கிருமி வந்தா, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் பரவுச்சான்னு எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கிருமியோட ஜீனோமை, அதாவது அதோட மொத்த டிஎன்ஏ எழுத்து வரிசையை, முழுசா படிச்சுப் பாக்குறதுதாம்மா வழி. 2011ல அமெரிக்காவுல பெதஸ்டா ஊர்ல இருக்குற என்ஐஹெச் (அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) ஆஸ்பத்திரில நடந்ததைச் சொல்றேன். நியூயார்க்லேருந்து வந்த ஒரு நோயாளிக்கு கிளெப்சியெல்லாங்கிற பாக்டீரியா, அதுவும் கடைசி ஆயுதமா வெச்சிருக்குற கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குக்கே அடங்காதது, தனியா வெச்சுப் பாத்து ஜூலைல டிஸ்சார்ஜும் பண்ணிட்டாங்க, பாத்தா மூணு வாரம் கழிச்சு இன்னொருத்தருக்கு வருது. நடுவுல யாருக்கும் இல்லையே, இது வேற கிருமியோன்னு குழப்பம். ஒவ்வொரு நோயாளிகிட்டேயும் எடுத்த கிருமியோட சுமார் 60 லட்சம் எழுத்து இருக்குற ஜீனோமை வரிசையா ஒப்பிட்டா அங்கங்க சில எழுத்துதான் மாறியிருக்கு, எல்லாமே அந்த முதல் நோயாளிகிட்டேருந்து கிளம்புனதுதான்! முதல் நோயாளியையும் சேத்து 18 பேருக்கு வந்து 11 பேர் இறந்தாங்க, அதுல 6 பேர் சாவுக்கு இந்தக் கிருமிதான் காரணம். மனசை ரொம்ப உறுத்துறது என்னன்னா, சுத்தம் பண்ணி வெச்ச வென்டிலேட்டர்லயும் அது இருந்துச்சு, சிங்க் ட்ரெயின்லயும் இருந்துச்சு. காய்ச்சல்கூட இல்லாம சிலர் குடல்ல இந்தக் கிருமி சும்மா தங்கியிருக்கும், அதனாலதான் ஆசனவாய்ல ஸ்வாப் எடுத்து எல்லாரையும் டெஸ்ட் பண்ணாங்க, ரூமுக்கெல்லாம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி அடிச்சாங்க.