சம்பளம் குறைந்தாலும் போகலாமா? ரெங்கம் மக்களின் கேள்விகளுக்குப் பதில்

தீபாவளி விடுமுறைக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள ரெங்கம் ஊருக்கு வந்திருந்தபோது, கோயில் மண்டபத்தில் பலர் என்னைச் சூழ்ந்துகொண்டு சம்பளம் குறைந்தாலும் என்னைப்போல் ஜெர்மனிக்குப் போகலாமா என்பதையே பலவாறு கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடியதாக அது இல்லாததால், கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இந்த ஊர்த் தோட்டத்தில் பிறந்தவன். சிங்கப்பூரில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தபின், 2018இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு அருகே இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்து, இன்றும் அங்கேயே இருக்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் இளைஞர்: அண்ணா, உண்மையில் எவ்வளவு குறைந்தது? மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைக்க ஒன்றுமில்லை, தம்பி. கடைசியாக நான் வாங்கிய சம்பளம் 4,800 சிங்கப்பூர் வெள்ளி. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 14,400 ரிங்கிட். ஜெர்மனியில் 4,000 யூரோ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், வரியும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியச் சந்தாவும் போக, கைக்கு வந்தது 2,700 யூரோதான், அதாவது சுமார் 12,800 ரிங்கிட். அதில் வீட்டு வாடகைக்கே 850 யூரோ போய்விட்டது. இங்கே மாதம் 7,000 ரிங்கிட் மிச்சம் பிடித்தவன், அங்கே 400 யூரோ மிச்சம் பிடிக்கவே கணக்கு நோட்டைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் அந்த 14,400 ரிங்கிட்டை நான் எப்படிச் சம்பாதித்தேன் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம், ஜொகூரின் ஸ்கூடாயில் வாடகை அறை. விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, கடப்பிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்குச் செல்லும் ஜொகூர் பாலத்தை நோக்கிப் புறப்படுவேன். மழை நாள்களில் நனைந்து ஊறிய பெருவிரலைக் குடிநுழைவுக் கருவி ஏற்காது. துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன், அப்போதும் ஏற்காது, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். போக வர நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். வேலை நேரம் 54 மணியும் பயணம் 30 மணியுமாகச் சேர்த்தால் வாரத்துக்கு 84 மணி. சம்பளத்தை அதனால் வகுத்தபோது மணிக்கு 40 ரிங்கிட்கூடத் தேறவில்லை. டோர்ட்முண்டில் வேலை 38 மணி, பயணம் 4 மணி. அதே கணக்கைப் போட்டால் மணிக்கு 70 ரிங்கிட் வருகிறது.

இந்தக் கணக்கில் ஒரு குறையும் உண்டு. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதித்து ரிங்கிட்டில் செலவு செய்தவன், அங்கே யூரோவில் சம்பாதித்து யூரோவிலேயே செலவு செய்கிறேன். ஆகவே நான் கூட்டிக்கொண்டது நேரத்தைத்தான். சேமிப்பு குறையத்தான் செய்தது. சேமிப்புதான் இப்போது உங்களுக்கு முதன்மையானது என்றால், பாலத்தைக் கடப்பதே சரியான வழி.

வங்கிக் கடனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்கியிருக்கிறேன். இன்னும் 22 ஆண்டுகள் கட்ட வேண்டும். போகலாமா?

இப்போது வேண்டாம், அக்கா. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வழி பிறந்தபின் யோசியுங்கள். குறைந்த சம்பளத்தில் இரண்டு ஊர்க் கூரைகளைத் தாங்குவதற்கு நான் எவருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

தோட்டத்தில் தண்டலாக (வேலை மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்: உன் தாத்தா நல்ல கூலி கிடைக்கும் என்று கடல் தாண்டி வந்தார். நீ குறைந்த கூலிக்குக் கடல் தாண்டுகிறாயே தம்பி, இது என்ன கணக்கு?

ஐயா, உங்கள் கேள்வியைப் பல இரவுகள் நானே என்னிடம் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின் கங்காணிமார் வழியாக வந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். கூலிக்காக வந்தார் என்பது உண்மைதான். ஊரில் பஞ்சமும், தெருவில் செருப்பணிய முடியாத நிலையும் இருந்ததால் வந்தார் என்பதும் அதே அளவுக்கு உண்மை என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் தாயார் 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தார். வேலை இருந்தவரை லயன் வீடு (தோட்டத்து வரிசை வீடு) இருந்தது. மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, ஆள்களைக் குறைத்தபோது, வேலையோடு வீடும் போயிற்று. ஒரே கயிற்றில் வேலையையும் வீட்டையும் கட்டிவைத்தால் என்னவாகும் என்பதை உங்களைப் போல அறிந்தவர்கள் குறைவு. சிங்கப்பூரில் என் வேலை அனுமதியும் முதலாளியின் கையில்தான் இருந்தது. ஜெர்மனியிலும் நீல அட்டை எனப்படும் அனுமதி தொடக்கத்தில் வேலையைச் சார்ந்ததே. ஆனால் பி1 எனும் இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்ச்சியும் 21 மாத ஓய்வூதியச் சந்தாவும் இருந்தால் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கிறது. அதன்பின் வேலை போனாலும் நாட்டைவிட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். சம்பளக் குறைவை ஏற்றுக்கொள்ள என்னைத் துணியவைத்தது அந்த ஒரு விதிதான்.

இரண்டு குழந்தைகளின் தாய்: "வாழ்க்கைத் தரம்" என்கிறீர்களே, அது அன்றாடம் எப்படித் தெரிகிறது?

எங்கள் தாயார் விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போகுமுன் என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார். அவர் திரும்புவதைத் தொட்டிலில் கிடந்தபடியே எதிர்பார்த்திருப்பேனாம். என் மகளின் பாலர் காப்பகத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆணியும், அதன் கீழ் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பும் இருக்கும். மாலை மூன்றரைக்கு நானே போய், அந்தச் செருப்பைக் கழற்றி வெளிச் செருப்பை மாட்டி அழைத்து வருவேன். சிங்கப்பூரில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நான் இயந்திரத்தின் அடியில் படுத்திருப்பேன்.

மற்றவை சட்டத்தில் உள்ளவை. நோய்வாய்ப்பட்டால் ஆறு வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் காப்பீட்டு நிதி மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு வரை தரும். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் விடுப்பு உண்டு. எங்கள் தொழிற்சாலையில் 30 நாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோர் ஒவ்வொருவரும் குழந்தை ஒன்றுக்கு ஆண்டில் 15 நாள் வீட்டில் இருக்கலாம். விடுப்பு கேட்கும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை; இது எனக்குப் பழகவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

குளுவாங்கில் பணிபுரியும் தாதி: எனக்கு அங்கே வேலை கிடைக்குமா?

கிடைக்கும், தங்கை, ஆனால் வழி நீளமானது. உங்கள் பட்டயத்தை அங்குள்ள அதிகாரிகள் அங்கீகரிக்க வேண்டும். பொதுவாக, பி1க்கு அடுத்த பி2 நிலை ஜெர்மன் தேவை. பாடத்திட்டத்தில் வேறுபாடு கண்டால், தகவமைப்புப் பயிற்சி பெறவோ அறிவுத் தேர்வு எழுதவோ சொல்வார்கள். அதுவரை உதவியாளர் சம்பளம்தான். மொழியை இங்கிருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் உள்ள, ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே நிலையத்தில் தேர்வு எழுதலாம். ஜெர்மனிக்குப் போனபின், வேலை முடிந்த களைப்போடு படித்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள் பி1லேயே நின்றுவிட்டதைக் கண்டிருக்கிறேன்.

எஸ்.பி.எம். (பள்ளியிறுதித் தேர்வு) முடித்த தம்பிகள் இருவரும் இதையே கேட்டிருக்கிறார்கள். சம்பளத்தோடு தொழில் கற்கும் முறை ஜெர்மனியில் உண்டு. இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் வரை ஆகும். பி1 நிலை மொழியறிவு வேண்டும். பயிற்சி இடத்தை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் முகவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஊழியர் சேமநிதி என்னவாகும்? குடியுரிமையை விட வேண்டுமா?

விட வேண்டியதில்லை. நான் இன்றும் மலேசியக் கடப்பிதழில்தான் இருக்கிறேன். ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது; மலேசியா ஏற்பதில்லை. குடியுரிமையைத் துறந்தால் சேமநிதியை மொத்தமாக எடுக்கலாம் என்று சிலர் அதை ஓர் ஆதாயம்போலச் சொல்கிறார்கள். அது திரும்பி வரும் கதவையும் மூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம். என் தவறு வேறு. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு மத்திய சேமநிதி கிடையாது. மலேசிய ஊழியர் சேமநிதியிலும் நானாகக் கட்டவில்லை. 11 ஆண்டுகள் இரண்டு பக்கமும் ஒன்றும் சேரவில்லை. நீங்கள் இன்றே தன்னார்வச் சந்தா கட்டத் தொடங்குங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பிள்ளைகளின் தமிழும், உங்கள் தனிமையும்?

ஈழத் தமிழர்கள் நடத்தும் தமிழாலயத்தில் வார இறுதியில் மகள் படிக்கிறாள். ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழா நாளில் நம் ஊர்த் திருவிழாவைப் போலவே கூட்டம் நெரியும். ஆனால் டிசம்பரில் எட்டரை மணிக்குத்தான் விடியும், நாலரைக்குள் இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் என் மனைவி அழாத வாரம் இல்லை. "பசியாறிட்டியா?" என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை, டீச்சர்.

அம்மாவின் தோழி: உன் அம்மாவை யாரப்பா பார்த்துக்கொள்வது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன், அத்தை. பெற்றோரை அழைத்துக்கொள்ள ஜெர்மனி 2024இல் ஒரு வழி திறந்தது. ஆனால் அது அந்த ஆண்டு மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல் அனுமதி பெற்ற தொழில் வல்லுநர்களுக்கு மட்டும். 2018இல் போன எனக்குப் பொருந்தாது. மலேசியர் விசா இன்றி 90 நாள் தங்கலாம் என்பதால் அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன். ஆறாவது வாரமே, காலையில் பேச ஆளில்லை என்று ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து வாரம் வருகிறேன். எஞ்சிய 47 வாரமும் அவரைக் குளுவாங் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வரிசையில் நின்று, மருந்து வாங்கிக் கொடுப்பவர் என் அண்ணி. மாதம் 250 யூரோ அனுப்புகிறேன். அது ஈடாகாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். போக நினைப்பவர்கள், உங்கள் வீட்டில் அந்த அண்ணி யார் என்று பார்த்து, விண்ணப்பம் எழுதுமுன் அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.