சமையலறையை நீட்டினால் கதவு வரியும் நீளுமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வரிசை வீடு. பின்பக்கம் சமையலறையை நீட்டி, மேலே ஓர் அறையும் போட்டோம். இப்போது கதவு வரிக்கான ஆண்டு மதிப்பைக் கூட்டி டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நான் ஓய்வு பெற்றவன், வருமானம் கூடவில்லை. இத்தனை காலம் வருமான வரி கட்டியவனுக்கு இது என்ன நியாயம் ஐயா?

பதில்: 'வருமானம் கூடவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் மனு நிற்காது. கதவு வரி என்பது மாநகர் மன்றம் வீட்டுக்குப் போடும் வரி; அது சம்பளத்தைப் பார்ப்பதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் ஒரு மதிப்பு போடும்; அதில் இத்தனை விழுக்காடு வரி. நீங்களே குடியிருந்தாலும் கணக்கு அதேதான்.

மாதம் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வாடகை போகும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 4 விழுக்காடு என்றால் வரி 480, அரையாண்டுத் தவணை 240. வீட்டை நீட்டியதால் மன்றம் அந்த வாடகைக் கணக்கை 1,400 என்று மாற்றினால் தவணை 336. விகிதத்தில் நீங்கள் கை வைக்க முடியாது. 1976 ஊராட்சிச் சட்டம் 35 விழுக்காடு வரை இடம் கொடுக்கிறது! வாதாட முடிந்தது அந்த 1,400-ஐப் பற்றி மட்டும்தான்.

உங்கள் வரிசையிலேயே இப்படி நீட்டிய வீடு என்ன வாடகைக்குப் போயிருக்கிறது என்று விசாரியுங்கள். வாடகை ஒப்பந்த நகல் இரண்டு மூன்று கிடைத்தால் நல்ல பலம். இணைய விளம்பரங்களை நம்பாதீர்கள். கேட்கிற வாடகை வேறு, கிடைக்கிற வாடகை வேறு. நோட்டீஸில் உள்ள சதுர அடியையும் அளந்து சரிபாருங்கள். மேல் அறைக்கு பிளான் அனுமதி எடுத்தீர்களா? இல்லையென்றால் மனுவுக்கு முன் அதைப் பற்றி யாரிடமாவது ஆலோசனை கேளுங்கள், அதிகாரி வீட்டைப் பார்க்க வரக்கூடும். ஆட்சேபத்தை நோட்டீஸில் போட்டுள்ள கெடுவுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். தவணைக்கு 96 வெள்ளிக்காக அங்கே போவது வீண்.

2013 கடைசியில் கோலாலம்பூர் முழுக்க இதே கூச்சல்தான். 1992-க்குப் பிறகு மறுமதிப்பீடே செய்யாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு வீடுகளுக்கான விகிதம் 6-இலிருந்து 4-ஆக இறங்கியது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் இந்த ரகளையே வந்திருக்காது என்பது என் கட்சி.

வருமான வரி போகிற இடம் வேறு. அதுவும் எஸ்எஸ்டி எனும் விற்பனை, சேவை வரியும் கூட்டரசு கஜானாவில் சேர்ந்து பள்ளி, மருத்துவமனை, அரசு ஊழியர் சம்பளம், கடன் வட்டி என்று கரைகின்றன. கதவு வரி மாநகர் மன்றத்தின் சொந்த வரவு: தெருவிளக்கு, லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), பூங்கா. வாசலில் லோங்காங் அடைத்தால் கதவு வரி பில் எண்ணோடு மன்றத்தில் புகார் கொடுங்கள். மன்றத் தலைவரான டத்தோ பண்டாருக்கு (மேயர்) நாம் ஓட்டுப் போடுவதில்லை. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.

ஆட்சேபம் விசாரணையில் இருந்தாலும் பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்டு 31-க்குள்ளும் தவணையைக் கட்டிவிடுங்கள். விட்டால் முதலில் பாக்கியைக் கட்டச் சொல்லும் 'இ' (E) படிவ நோட்டீஸ், அடுத்தது 'எஃப்' (F) படிவ வாரண்ட். அதை வைத்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்யலாம்.