ரேஷன்காரர்

கேள்வி: ஒருவர் பிரபலமாவதற்கு முன்பே அவரை உங்களுக்கு நேரில் தெரிந்திருக்கிறதா? அப்போது அவர் எப்படி இருந்தார்?

தெரியும். சினிமாக்காரர் இல்லை, கிரிக்கெட் ஆடுகிறவரும் இல்லை. இரண்டு கால் இருக்க வேண்டும் என்று கேள்வியில் போடாததால் துணிந்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவன் அரிக்கொம்பன்.

2023 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எந்தச் சேனலைப் போட்டாலும் ஓடிக்கொண்டிருந்த அதே காட்டு யானைதான். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அந்தப் பெயர் வெகுகாலம் கிடையாது. என் அம்மா வைத்த பெயர் 'ரேஷன்காரர்'. நான் அவன் இவன் என்று எழுதுகிறேன், அம்மா கடைசிவரை 'அவர்'தான்.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டு ஏறி மூணாறு போகிற வழியில் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். வரைபடத்தில் கேரளா, இடுக்கி மாவட்டம். லயத்துக்குள் தமிழ்தான். தாத்தா காலத்தில் கீழேயிருந்து ஏறி வந்த குடும்பங்கள். பொங்கலுக்குத் துணி எடுக்க போடிக்கு ஜீப்பில் இறங்குவோம், அரிசி மட்டும் கேரள ரேஷன்.

பக்கத்தில் ஆனையிறங்கல் அணை. 1960களில் கட்டியது. யானை அதற்கு முன்பே அங்கே தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்பதற்குப் பெயரே சாட்சி. இன்னொரு பக்கம் மதிகெட்டான் சோலை. உள்ளே போனவன் வழி தெரியாமல் மதி கெட்டுத் திரிவான் என்று அந்தப் பெயராம். நடுவில் இருந்த புல்வெளியெல்லாம் தேயிலை, ஏலம், கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் என்று ஆகிவிட்டது. போதாததற்கு 2000களின் தொடக்கத்தில், யானை நடக்கிற தடத்திலேயே 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடிவைத்தார்கள். அந்தக் காலனிக்குப் பெயரே முன்னூற்றியொன்று. அதில் பல குடும்பங்கள் யானைக்குப் பயந்து விட்டுவிட்டுப் போய்விட்டன. இதைச் சொல்லாமல் அவன் கதையைச் சொன்னால் அவன் ஏதோ திருட்டுப் புத்தியோடு பிறந்த மாதிரி ஆகிவிடும்.

அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிடிக்கும்போது முப்பதைத் தாண்டியவன் என்றார்கள். ஆக நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவனும் சின்னவன். கூட்டத்தோடு அணைக்கரையில் நிற்கும்போது தூரத்திலிருந்து பார்த்த குட்டிகளில் எது அவன் என்று யாருக்குத் தெரியும்? இப்போது ஊரில் பலர், 'குட்டியிலேயே எனக்குத் தெரியும்' என்கிறார்கள். நம்பாதீர்கள். ஒருவன் பெரிய ஆள் ஆனதும் அவனைத் தொட்டிலில் ஆட்டியவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், யானைக்கும் அதே கதைதான்.

எனக்கு அவன் முகம் தெரிந்தது 2014 ஆடியில். முகம் என்ன முகம், தும்பிக்கை.

நல்ல மழை. கரண்ட் இல்லை. நானும் அம்மாவும் தங்கையும் முன் அறையில் படுத்திருந்தோம். யானை வரும்போது சத்தம் வரும் என்று நினைப்பீர்கள். வராது. முதலில் வந்தது வாடை. நனைந்த மாட்டுத்தொழுவமும் பச்சைத் தழையும் கலந்த மாதிரி. அப்புறம் பின்பக்கம் மண் சரிகிற ஓசை, மெதுவாக, யாரோ சாக்கை இழுக்கிற மாதிரி. நான் எழுந்தேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள்.

சமையல்கட்டில் விறகடுப்புக் கங்கு இன்னும் அணையவில்லை. அந்தச் சிவப்பில் பார்த்தேன். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஓட்டை, அதன் வழியே தும்பிக்கை மட்டும் உள்ளே. அடுப்பைத் தொடவில்லை. குழம்புச் சட்டியை முகர்ந்துவிட்டு விலகியது. தட்டு, டம்ளர் எதையும் தள்ளவில்லை. அம்மா தன் டப்பாக்களை இருட்டில் தடவித் தேடுவதைப் போலவே ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தது. நுனியில் விரல் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது நீலப் பிளாஸ்டிக் டிரம்மின் மூடியில் வந்து நின்றது. மூடியைச் சுற்றி ஈரமாக ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான், டிரம் வெளியே போய்விட்டது. ஒரு மிதி. பிளாஸ்டிக் உடைகிற சத்தம், அதற்குப் பின்னால் அரிசி கொட்டுகிற சத்தம்.

அம்மா ரகசியமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சாமி, தின்னுட்டுப் போயிருங்க சாமி. புள்ளைக இருக்கு சாமி."

கால் மணி நேரம் தின்றான். போகும்போது உப்பு ஜாடியையும் முடித்துவிட்டுப் போனான்.

காலையில் பார்த்தால் சேற்றில் மிதிபட்டு மிச்சம் கிடந்தது ஒன்றரைப் படி இருக்கும். அந்த மாதம் முழுவதற்கும் வாங்கி வைத்த அரிசி அது. அம்மா முறத்தில் அள்ளி, மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர் களைந்து, கஞ்சி வைத்தாள். பல்லில் மண் நறநறத்தது. நஷ்டஈடு கேட்டு மனு எழுதினோம், எந்த ஆபீசுக்கு என்று சொல்லப்போவதில்லை. மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, யானையைவிட மெதுவாக.

அதற்குப் பிறகு லயத்தில் அரிசியை வீட்டில் வைப்பதில்லை. கான்கிரீட் கட்டடம் இருப்பவரிடம் கொடுத்து வைத்து, நாளுக்கு ஒரு படி வாங்கி வருவோம். நகையை லாக்கரில் வைக்கிற மாதிரி. பன்னியார் ரேஷன் கடையைத்தான் அவன் திரும்பத் திரும்பப் பிரித்தான். பெயர் வந்தது அப்படித்தான், மலையாளத்தில் அரி என்றால் அரிசி, கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. பலாப்பழத்துக்கு அலைகிற இன்னொருத்தன் சக்கைக்கொம்பன், வால் அறுந்தவன் முறிவாலன். எங்களுக்கு இவர்கள் எல்லாம் தெருவில் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற பெரியப்பாக்கள் மாதிரி. பயம் உண்டு, கோபம் உண்டு, ஆனால் யாரும் வெளியூர்க்காரனிடம் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

விளையாட்டாகவே எழுதிக்கொண்டு போகக்கூடாது. யானையால் அந்த மலையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். விடியும் முன் வேலைக்குக் கிளம்பினவர்கள், வீடு திரும்பினவர்கள். எது செய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அதனால்தான் 2023 தொடக்கத்தில் அவனைப் பிடிக்க வேண்டும் என்று ஊர் ஒன்றாக நின்றது.

புகழ் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். பிடித்துப் பழக்கி, காட்டு யானைகளை விரட்ட உதவுகிற கும்கியாக்கலாம் என்று வனத்துறை கிளம்பியது. பழைய வீடு ஒன்றில் அரிசி வைத்துச் சோறு பொங்கி, போலி ரேஷன் கடை அமைத்து அவனை வரவழைக்கத் திட்டம். இதைக் கேட்டு அம்மா அன்று முழுக்கச் சிரித்தாள். விஷயம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முகாமில் அடைக்க வேண்டாம், வேறு காட்டில் விடலாம் என்று ஆனது. முதலில் பரம்பிக்குளம் என்றார்கள், அந்தப் பக்கத்து மக்கள் விடவில்லை. கடைசியில் ஏப்ரல் 29, நான்கு கும்கிகள் சூழ, மழையில், மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றி, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். காட்டுக்குள் நுழையும்போது பூஜை வேறு. கேரளம் முழுக்க ரசிகர் மன்றம், பிளெக்ஸ் பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

நான் அப்போது கம்பத்தில் மொபைல் கடை வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் வேலை முடிந்து, லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்துவிட்டாள். கோட்டயத்திலிருந்து தேக்கடி சுற்ற வந்த பையன் ஒருவன் கடைக்கு வந்து, அரிக்கொம்பன் படம் போட்ட பேக் கவர் இருக்கா சேட்டா என்றான். ஆர்டர் போட்டு வரவழைத்துப் பத்துப் பன்னிரண்டு விற்றேன், பொய் சொல்ல மாட்டேன். படத்தில் இருந்தது வேறு ஏதோ யானை. கொம்பைப் பார்த்ததும் தெரிந்தது. வாங்கினவர்கள் யாருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 27, சனிக்கிழமை காலை. ஷட்டரைத் தூக்கப் போகிறேன், ஜனங்கள் ஓடுகிறார்கள். 'யானை, யானை' என்று. கம்பத்துக்குள் யானையா என்று நிற்கிறேன். பிறகு போனில் பார்த்தால் அவன். காலரோடு, தென்னையும் வீடுகளும் நிற்கிற தெருவில் ஓடுகிறான். ஆட்டோ நொறுங்கியது. பைக்கில் வந்த ஒருவர் விழுந்து அடிபட்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 144 போட்டார்கள். கூட்டம் அதற்கும் அடங்காமல் செல்போனோடு மாடி மாடியாக ஏறி நின்றது.

எங்கள் மாடியில் அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா, "யாரும்மா இது, ஹரிக்கொம்பனாமே, பெருமாள் பேரா?" என்று கேட்டாள். அம்மா, "பெருமாளும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க ரேஷன்காரரு. எங்களத் தேடி இவ்வளவு தூரம் வந்துட்டாரு" என்றாள். அக்கா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. டிவியில் தெரிகிற ஒருவரை மாடி வீட்டுக் கிழவிக்குப் பழக்கம் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. மலையிலிருந்து இறங்கினவர்கள் நாங்கள் மூவர், தங்கை உட்பட. இறங்கிய முதல் மாதம் எனக்கும் இந்த ஊர்ச் சத்தம் தாங்கவில்லை, ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். அவனை லாரியில் ஏற்றி இறக்கி ஒரு மாதம்கூட முடியவில்லை.

அங்கிருந்து சுருளி, சண்முகாநதி என்று சுற்றினான். ஜூன் 5 விடியும் முன் மறுபடி ஊசி, மறுபடி லாரி. டிவியில் தும்பிக்கையைக் கிட்டத்தில் காட்டினார்கள், காயம் தெரிந்தது. அம்மா சேனலை மாற்றச் சொன்னாள். இந்த முறை களக்காடு முண்டந்துறையில், மேல் கோதையாறு பக்கம் விட்டார்கள்.

சில நாள் கழித்துத் தமிழ்நாடு வனத்துறையிலிருந்து ஒரு வீடியோ வந்தது. தண்ணீர் ஓரமாக நின்று, புல்லைப் பிடுங்கி, தண்ணீரில் அலசி அலசித் தின்கிறான். எல்லோரும் அதற்கு ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, புல்லுன்னா கழுவித் திங்கிறீரு" என்றாள் போனைப் பார்த்து. "என் அரிசிய மட்டும் களையற வேலைய எனக்கு வச்சுட்டுப் போனீரே."