பழைய லென்ஸ், புதிய கேமரா: வாசகர் கேள்விகள்

கேள்வி: சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸை எம்42 (திருகி மாட்டும் பழைய வகை) அடாப்டர் போட்டு சோனி ஏ6400இல் மாட்டினேன். ஷட்டர் விழவே மாட்டேன் என்கிறது. தூரத்துக் கோபுரமும் மங்கலாகத் தெரிகிறது. கோளாறு எங்கே?

பதில்: ஷட்டர் விழாதது கோளாறே அல்ல. இந்த லென்ஸில் மின்தொடர்பு கிடையாது. லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. மெனுவில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள்.

கோபுரம் மங்குவதுதான் கவனிக்க வேண்டியது. எம்42 லென்ஸுக்கு மவுண்டிலிருந்து (லென்ஸ் பூட்டும் இடம்) சென்சார் வரை 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும். சோனி பாடியில் இருப்பது 18 மி.மீ.; மீதி 27.46 மி.மீ.யை அடாப்டர் நிரப்புகிறது. முதலில் லென்ஸைக் கழற்றி மரையைத் துடைத்து, கடைசிவரை திருகிப் பாருங்கள். மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். கால் சுற்று பாக்கி நின்றாலே, வளையம் முடிவிலிக் குறியில் இருந்தும் ஃபோகஸ் சுமார் 13 மீட்டரில் விழும். அதற்கப்பால் எல்லாம் குழையும். முழுதாகத் திருகியும் சரியாகாவிட்டால் அடாப்டர் தடிமன் கூடுதல். வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். அப்போதும் மங்கினால், யாரோ லென்ஸைப் பிரித்து ஃபோகஸ் மரையைத் தப்பாகப் பூட்டியிருக்க வேண்டும்.

அப்பர்ச்சருக்கு (ஒளி நுழையும் துளைக்கு) இரண்டு வளையங்கள் உண்டு. கிளிக் கிளிக்கென்று நிற்பதை 16இல் வைத்துவிட்டு, வழுக்கிச் சுழல்வதை மட்டும் பயன்படுத்துங்கள்; எஃப்2 முதல் 16 வரை அதுவே போய்வரும். மோடு டயலை ‘ஏ’யில் (அப்பர்ச்சர் உங்கள் கையில், ஷட்டர் வேகம் கேமரா கையில்) வையுங்கள். பீக்கிங்கை (கூரான விளிம்புகளில் திரை காட்டும் வண்ணக் கோடு) மட்டும் நம்ப வேண்டாம்: எஃப்2இல் கண், மூக்கு இரண்டிலும் சிவப்புக் கோடு மின்னும், படத்தில் மூக்குதான் கூராக இருக்கும். கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் செய்யுங்கள். ஏ6400 பாடியில் அதிர்வு தடுப்பு இல்லை; ஹீலியோஸின் குவியத் தூரமான 58 மி.மீ. இதன் சிறிய சென்சாரில் 87 போலத் தெரியும் என்பதால் ஷட்டர் வேகத்தில் 1/125 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: இதே லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் முகப்படங்களுக்கு மட்டும். நிக்கான் எஃப் மவுண்டின் இடைவெளியே 46.5 மி.மீ.; 1 மி.மீ. அதிகம். அடாப்டர் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் சுமார் 3 மீட்டரைத் தாண்டி ஃபோகஸ் போகாது. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் தூரத்து ஃபோகஸைக் கொண்டுவந்துவிடும். எஃப்2இல் கூர்மையைக் கெடுத்தும்விடும். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப்1.4 லென்ஸின் கண்ணாடி தேநீர் நிறத்தில் இருக்கிறது. துடைத்தும் போகவில்லை.

பதில்: அது அழுக்கல்ல. உள்ளே ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சால் வருடக்கணக்கில் ஏறிய பழுப்பு அது. புற ஊதா எல்இடி விளக்கைப் பின்பக்கக் கண்ணாடிக்கு நெருக்கமாக வைத்து, சில நாட்கள் எரியவிட்டால் பெருமளவு வெளுக்கும். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். வெயிலிலும் வெளுக்கும்; ஆனால் குவியும் ஒளி துணியிலோ காகிதத்திலோ விழுந்தால் தீப்பிடித்துவிடும். ஆள் இல்லாத அறையில் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.