பச்சையாகிப்போன இறால் குளத்துக்குப் பவுடர் மட்டும் போதுமா?

கேள்வி: இரண்டு குளத்தில் வன்னாமி இறால் விட்டு 60 நாள் ஆகிறது. தண்ணீர் கரும்பச்சையாகி ஓரத்தில் நுரை கட்டுகிறது, அம்மோனியாவும் ஏறுகிறது. புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பவுடர் போட்டால் பாசி குறையும் என்கிறார் கடைக்காரர், பக்கத்துக் குளத்துக்காரர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார். எதைக் கேட்பது?
- தொண்டி வாசகர்

பதில்: மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். பாசி மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுகினால் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை அந்த அழுகலே தின்றுவிடும், விடிகாலையில் இறால் மேலே வந்து திணறும்போது காற்று விடுகிற ஏரேட்டரை எத்தனை ஓட்டினாலும் ஈடுகொடுக்காது.

புரோபயாடிக் உதவும். ஆனால் அது பாசியைக் கொல்லும் மருந்து இல்லை. பாசி தின்கிற சாப்பாட்டில், அதாவது நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும், பங்குக்கு வருகிற பாக்டீரியா, அவ்வளவுதான். பாசில்லஸ் வகைகள் அடியில் கிடக்கும் தீவன மிச்சத்தையும் கழிவையும் சிதைக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது வேறு பாக்டீரியாக்கள், அவை மெதுவாகத்தான் பெருகும், அதனால் பவுடர் போட்ட மறுநாளே தண்ணீர் தெளியவில்லை என்று இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 4 கிராமுக்கு மேல் ஆக்சிஜனும் 7 கிராம் அளவுக்குக் காரத்தன்மையும் செலவாகும். ஏரேட்டரை நிறுத்தி டீசல் மிச்சம் பிடிக்கிற குளத்தில் பவுடருக்குக் கொடுத்த காசு வீண்.

பவுடரை அப்படியே வீசாமல், வெல்லம் கரைத்த குளத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்று விட்டு, காலை வெயில் ஏறிய பிறகு ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதன் வீரியம் போகும் வரை வேண்டாம், பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும்.

அப்புறம் தீவனம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் போடுகிற தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பாதிகூட இறால் உடம்பில் சேர்வதில்லை, மீதி தண்ணீரில்தான். தீவனம் வைத்துச் சோதிக்கிற தட்டை (செக் ட்ரே) தூக்கிப் பாருங்கள், இரண்டு மணி நேரம் கழித்தும் தீவனம் ஒட்டிக்கிடந்தால் அடுத்த வேளை அளவைக் குறையுங்கள். கையைத் தண்ணீரில் விட்டால் மணிக்கட்டு மூழ்குமுன்பே விரல் மறைகிறதா? அப்படியென்றால் பாசி அளவு மீறிவிட்டது. அடிமண்ணை ஒரு பிடி அள்ளுங்கள், கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்றே போகவில்லை.

பாஸ்பரஸை மட்டும் எந்தப் பாக்டீரியாவாலும் குளத்தை விட்டு வெளியேற்ற முடியாது. நைட்ரஜனாவது காற்றில்லாத இடத்தில் வாயுவாகி மேலே போய்விடும், பாஸ்பரஸ் மண்ணிலேயே உட்காரும். அறுவடைக்குப் பின் அடிச்சேற்றை வாரி வெளியே எடுத்தால்தான் கணக்குத் தீரும். கழிவுத்தண்ணீரை நேரே ஓடையில் திறந்துவிடாமல் தனிக் குளத்தில் தேக்குங்கள். சின்னப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வெட்டலாம். அதில் மடவை மீன் விடுங்கள், உப்பும் தெளிவும் சரியாக இருந்தால் நம் கடற்கரைப் பெண்கள் எடுக்கிற கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியையும் கயிற்றில் கட்டிப் பாருங்கள், நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டையும் இழுத்துக்கொள்ளும், அறுத்து எடுக்கும்போது அவையும் வெளியே வந்துவிடும்.

கேள்வி: 2019இல் கடலைப் பச்சையாக்கும் பூங்கோரை வந்து மீன்கள் செத்து ஒதுங்கினவே, அந்த மாதிரிக் கடலிலும் இந்தப் பாக்டீரியாவைத் தூவலாமா?
- மண்டபம் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. குளத்துக்குக் கரை இருக்கிறது, கடலில் போட்டது நீரோட்டத்தில் அன்றைக்கே கலைந்துவிடும். அந்தப் பச்சை நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிர், கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. அது பெருகி அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன் மூச்சடைக்கிறது. தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் வலை விடாதீர்கள், செத்து ஒதுங்கின மீனைக் கருவாட்டுக்கும் எடுக்காதீர்கள்.